மலாக்காவுக்குப் புறப்படுமுன்

ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறை நெருங்கினால், ஆசிரியர் அறையில் எழும் முதற்பேச்சு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதாகும். குடும்பத்தோடு காரில் சென்றுவர விரும்புவோர்க்கு மலாக்கா எளிதில் நினைவுக்கு வரும் ஊர். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 240. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவில் இறங்கிவிட்டால் நகரம் அருகிலேயே இருக்கிறது. ஆகவே வழியைப் பற்றி எழுத அதிகமில்லை. எந்த இடத்தை முதலில் காண்பது, எதைப் பிறகு காண்பது என்னும் வரிசையைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன். வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர், பிள்ளைகளோடு நண்பகல் வெயிலில் மலாக்காத் தெருக்களில் நடந்திராதவர் ஆவார்.

முதன்முறை சென்றபோது நாங்களும் எல்லோரையும் போலச் செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கத்தில்தான் தொடங்கினோம். டச்சு ஆளுநர் மாளிகையின் முன் படம் எடுத்தோம். பூ அலங்காரம் செய்த திரிஷாவில் ஏறினோம். குன்றில் ஏறி இறங்கி, கோட்டை வாயிலில் மீண்டும் படம் எடுத்தோம். பன்னிரண்டு மணிக்குள் பிள்ளைகள் சோர்ந்துவிட்டனர். செட்டிகளின் ஊரைப் பிற்பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்; பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி திறந்ததும் என் இளைய மகள் எழுதிய விடுமுறைக் கட்டுரையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் முறைப்படி வந்து போயினர். தமிழர் என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. பிழை அவளுடையதன்று, பயணத்தை வகுத்தவனுடையது.

தோட்டப் பள்ளியில் பயிலும் பிள்ளையிடம், 'நம்மவர் இந்நாட்டுக்கு எப்பொழுது வந்தனர்?' என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா கப்பலேறிப் பால்மரம் வெட்ட வந்த கதையைச் சொல்லும். அஃது உண்மையே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயினும் இந்நிலத்தில் தமிழர் வரலாறு பால்மரத்தோடுதான் தொடங்கிற்று என்று அப்பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தால், அதைத் திருத்துவது நம் கடமை. திருத்துவதற்கு மலாக்காவைவிடச் சிறந்த இடம் இல்லை.

அடுத்த ஆண்டு வரிசையைத் தலைகீழாக்கினேன். விடியுமுன் புறப்பட்டு, வழியில் பசியாறிவிட்டு, சதுக்கத்துக்குப் போகாமல் நேரே காஜா பெராங்குக்குச் சென்றோம். மலாக்கா செட்டிகளின் ஊர் அங்கே இருக்கிறது. சிறிய ஊர்தான். 1822இல் எழுந்த முத்து மாரியம்மன் ஆலயமும், இன்னும் சில சிறு கோயில்களும், அம்மக்களின் பொருள்களைக் காட்டும் ஒரு காட்சியகமும் உண்டு. வீட்டு வாசல்களில் மாவிலைத் தோரணம் தொங்கக் காணலாம். மூத்த பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். பேசுவது மலாய்.

இவர்கள் யார்? மலாக்கா சுல்தான்களின் ஆட்சி ஓங்கியிருந்த பதினைந்தாம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையிலிருந்து துணி முதலிய சரக்குகளைக் கொணர்ந்து, இங்கு மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கொண்டுசென்ற வணிகரின் வழியினர். காற்று மாறும்வரை வணிகர் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கரைக் கப்பல்களை இங்குக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீனக் கப்பல்களைக் கொண்டுவந்தது. தங்கியவர்களுள் சிலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே நிலைத்தனர். தாயின் மொழி வீட்டு மொழியாயிற்று. பிற்காலத்தில் வாணிகம் கைவிட்டுப் போகவே, நகரத்தை விட்டு இப்பகுதியில் குடியமர்ந்தனர்.

மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கையில் மகள் கேட்டாள்: "அப்பா, இவர்கள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறார்கள். ஆனால் தமிழ் தெரியவில்லையே. இவர்கள் தமிழர்களா, இல்லையா?"

தமிழாசிரியன் ஒருவனுக்கு இவ்வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. 'தமிழ் படிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்' என்பதே அது. என் வாய் வரைக்கும் அது வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. போகி நாளில் இலை போட்டு, உணவு படைத்து, இறந்த முன்னோரை வணங்கும் பார்ச்சு என்னும் சடங்கை அவர்கள் இன்றும் விடாமல் செய்கின்றனர். பழங்கள் மிகும் ஆண்டு நடுப்பகுதியில் இன்னொரு முறையும் செய்கின்றனர். மாரியம்மனுக்கு டத்தோ சாச்சார் விழா எடுக்கின்றனர். பெயர்களில் பிள்ளை என்பதும் செட்டி என்பதும் நிற்கின்றன. மொழி போன பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் இவை நின்றிருக்கின்றன. மொழி ஒன்றே எல்லாவற்றையும் தாங்குகிறது என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தவனுக்கு, இதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

நம் தோட்டங்களில் தமிழ் நின்றதற்கும் காரணம் நம் மனவுறுதி மட்டும் அன்று. நம் பாட்டிமாரும் கப்பலில் வந்தனர். தமிழ் பேசும் தாய் வீட்டில் இருந்தாள். அஃதன்றி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளி பல இடங்களில் ஒரு கொட்டகைதான். ஆசிரியர் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்ததும் உண்டு. செட்டிகளுக்கு அக்கொட்டகையும் இல்லை. மகளிடம், "நமக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் காத்தவற்றில் சிலவற்றை நாம் காக்கவில்லை" என்றேன். அவள் வினாவுக்கு அது நேர் விடையன்று என்பதை அறிவேன்.

காஜா பெராங்கிலிருந்து பழைய நகரத்துக்குள் வந்து, தங்கவேலைக்காரர் தெருவில் காரை விட்டு இறங்குக. டச்சுக்காரர் செட்டிகளின் தலைவராகிய தெய்வநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இத்தெருவில் உள்ளது. சில அடி தூரத்தில் 1748இல் தோன்றிய பள்ளிவாசல் இருக்கிறது. இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பியது. அதன் கூரை சுமத்திரா நாட்டு அடுக்குக் கூரை. மனோராவோ சீனக் கோபுரத்தை ஒத்தது. அப்பால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் 'கம்போங் கெலிங்' என்றிருப்பதைப் பிள்ளைகள் படித்துவிடுவர். பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் வசவாகக் கேட்ட சொல் பலகையில் எழுதியிருந்தால் எந்தப் பிள்ளைதான் நிற்காது? இவ்விடத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுதல் தவறு. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது என்பது பெரும்பாலோர் கருத்து. பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்க்கு அது வெறும் பெயராகவே வழங்கிற்று. இகழ்ச்சி ஏறியது பிற்காலத்தில். பலகையில் இருப்பது பழைய பெயர், திடலில் கேட்டது பிந்திய வசவு என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிறது.

இதன் பின்னரே ஆற்றைக் கடந்து குன்றுக்குச் செல்ல வேண்டும். குன்றின் மேலுள்ள தேவாலயம் 1521இல் சிறு கோயிலாகத் தொடங்கியது. சேவியரின் உடல் 1553இல் சில மாதம் அங்கு வைக்கப்பட்டிருந்தது. கீழேயுள்ள வாயில் போர்த்துகீசியர் கோட்டையில் எஞ்சிய ஒன்று. ஆங்கிலேயர் 1807இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினர்; ராபிள்ஸ் தலையிட்டதால் வாயில் தப்பிற்று. அதன் மேல் 1670 என்னும் ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோட்டையைக் கட்டியவன் ஒருவன், பெயர் பொறித்தவன் இன்னொருவன்.

இவ்வாயிலின் நிழலில் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நம்மவர் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடும் கதை அது. 1512 முதல் 1515 வரை இங்கிருந்த போர்த்துகீசியர் தோமே பிரேசு, மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்றும், வணிகர்களை நாட்டு வாரியாகப் பிரித்து நான்கு ஷாபந்தர்கள் கவனித்தனர் என்றும் எழுதினார். கெலிங் வணிகர்களின் செல்வத்தையும் அவர் குறித்தார். இதைச் சொல்லித் தமிழனின் பெருமையைப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறோம். மீதிப் பாதி இதுதான்.

சுல்தான் மஹ்மூதின் பெண்டஹாராவான துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழியினர். நைனா சூரா தேவன், ராஜா முதலியார் என்னும் இரு கெலிங் செல்வர்க்கிடையே எழுந்த வழக்கில், பெண்டஹாரா கையூட்டுப் பெற்றார் என்ற செய்தி பரவி, அது துரோகக் குற்றமாக வளர்ந்தது; சுல்தான் அவரைக் குடும்பத்தோடு கொல்வித்தார் என்று செஜாரா மெலாயு கூறுகிறது. கோள் சொன்னவரும் நம்மவர், கோளுக்குப் பலியானவரிலும் நம் இரத்தம் உண்டு. மறு ஆண்டே, 1511 ஆகஸ்டில், அல்புகெர்க் நகரைப் பிடித்தான்.

அதற்கு முன்னரே, 1509இல் சிறைப்பட்ட போர்த்துகீசியர்க்கு நைனா செட்டு என்னும் இந்து வணிகர் உதவியிருந்தார். நகரம் வீழ்ந்தபின் அவருக்கே பெண்டஹாரா பதவி கிடைத்தது. மூன்று ஆண்டில், 1514இல், அப்பதவியைப் பறித்துக் கம்பார் அரசனுக்குக் கொடுத்தனர். நைனா செட்டு தெருவில் மேடை அமைத்து, நறுமண மரங்களால் தீ மூட்டி, பொன்னாடை பூண்டு வந்து, போர்த்துகீசியர்க்குத் தான் செய்தவற்றை ஊரார் முன் எடுத்துரைத்துத் தீயில் பாய்ந்தார் என்று எழுதிவைத்துள்ளனர். அந்நூற்றாண்டிலேயே பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தம் கட்டுரை ஒன்றில் இந்நிகழ்ச்சியைக் குறித்தார். பிரான்சில் அறிந்த பெயரை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அவரைத் துரோகி என்பதா, ஏமாற்றப்பட்டவர் என்பதா? இரண்டும் ஆவார் என்பதே என் கருத்து. பெருமையை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை, பின்னொரு நாள் இதை வேறொருவர் வாயால் கேட்டுத் தலைகுனிவதைவிட, தந்தை வாயால் கேட்பது நன்று.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். குன்றின் மேல் நின்று, 'கடல் எங்கே?' என்று பிள்ளைகள் கேட்பர். பழைய கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்துக் கட்டடங்கள் எழுப்பிவிட்டனர். கப்பல் வந்த ஊரில் கடலைக் காட்ட முடியாவிட்டால் பாடம் பாதியாகும். ஆகவே மாலையில் காரை மலாக்காத் தீவுக்கு ஓட்டிச் செல்லுங்கள். அதுவும் செயற்கைத் தீவே. 2006இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசல் அங்கு நீரின் மேல் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் நீரிணையில் கப்பல்கள் தெரியும்.

திரும்புகையில் நெடுஞ்சாலையைச் சிறிது நேரம் விட்டுவிட்டு உள்சாலையில் வந்தோம். தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டதுதான் இந்நாட்டில் வாணிகத்துக்கென வைத்த முதல் ரப்பர்த் தோட்டம். நம் தாத்தாக்களை அழைத்த மரமும் இம்மாநிலத்திலேயே வேர்விட்டது என்று மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் இருபுறமும் செம்பனையே நின்றது. நெடுந்தூரம் சென்றபின் ஒரு வளைவில் பத்துப் பதினைந்து கிழமரங்கள் தெரிந்தன. காரை நிறுத்தினேன். அவள் இறங்கிப் பழைய வெட்டுத் தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தாள். பாட்டியின் பால் வெட்டும் கத்தி வீட்டில் எங்கோ பெட்டியில் கிடக்கிறது என்றேன். வீடு சேர்ந்ததும் அதை எடுத்துத் தரவேண்டும் என்றாள்.