சாகித்தியம் அவளுடையது, மெட்டு யாருடையது?

புலம்பெயர்ந்த எமது மேடைகளில் வாய்ப்பாட்டு அரங்கேற்றங்கள் பெருகியுள்ளன. அரங்கேறுவது பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை. இரண்டு மூன்று மணிநேரம் கச்சேரியைத் தனியொருத்தியாகத் தாங்குகிறாள். ஆனால் சபையோருக்குத் தரப்படும் பாடல் நிரலில் 'இயற்றியவர்' என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் காண்பது அரிது. பெண்கள் எழுதவில்லை என்பதல்ல இதன் பொருள். 'உள்ளம் உருகுதய்யா' என்ற பாட்டை, வானொலியோடு வளர்ந்த எமது தலைமுறை டி. எம். சௌந்தரராஜனின் பாட்டு என்றே அறியும். எழுதியவர் ஆண்டவன் பிச்சை. அப்பெயரைக் கேட்டதும் தாடி வைத்த ஒரு துறவியை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அவர் மரகதம் என்ற பெண்மணி (1899-1990).

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. சம்பந்தருக்கும் முற்பட்டவரான காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களுக்கு நட்டபாடை, இந்தளம் என்று பண் குறிக்கப்பட்டுள்ளது. ஆண்டாளின் திருப்பாவையோ இன்று கச்சேரிகளில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்த இராகங்களில்தான் ஒலிக்கிறது. சொல் பெண்ணுடையது, மெட்டு வித்துவானுடையது என்ற இந்தப் பிரிவினை இருபதாம் நூற்றாண்டில் வழமையாகிவிட்டது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் மதுரை அம்புஜம் கிருஷ்ணா (1917-1989). தமிழிலும் வேறு மொழிகளிலுமாக அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். அவற்றுக்கு மெட்டமைத்தோர் முசிறி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், வி. வி. சடகோபன், மதுரை என். கிருஷ்ணன், டி. என். சேஷகோபாலன் முதலானோர். பெண்களும் சிலர் உண்டு. வசதியுள்ள டி.வி.எஸ். குடும்பத்து மருமகள் என்பதால் வித்துவான்கள் அவரை நாடினர் என்று சொல்வாருளர். இருக்கட்டும், வசதி மட்டும் இருந்தால் ஒரு பாட்டு அரை நூற்றாண்டு நின்று பிடிக்காது.

பண்டிதர்களின் வாதம் வேறு. சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்கினால்தான் வாக்கேயகாரர், மற்றவர் வெறும் பாடலாசிரியர் என்பார்கள். நல்லது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711-1779) இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசையமைத்தவர்கள் அவருடைய சீடர்களான வெங்கடராம ஐயரும் கோதண்டராம ஐயரும். ஆயினும் கவிராயர் தமிழ் மூவருள் ஒருவர். அவருக்கு விலக்களித்த இலக்கணம் அம்புஜத்துக்கு மட்டும் ஏன் இறுகுகிறது?

மேடைக்கு வரவே பெண்கள் பட்ட பாட்டையும் இங்கு சேர்த்துப் பார்க்கவேண்டும். திருவையாற்றில் தியாகராசருக்கு 1920களில் தன் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). அங்கு ஆராதனையில் பாட ஆண்களின் கட்சிகள் பெண்களை அனுமதிக்காதபடியால், அவர் பெண்களுக்கெனத் தனியான ஆராதனையை நடத்த வேண்டியிருந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தோன்றியது. ஒரு பெண்ணுக்கு அது சங்கீத கலாநிதி விருது தந்தது 1968இல், எம். எஸ். சுப்புலட்சுமிக்கு. பாடும் பெண்ணை ஏற்கவே நாற்பது ஆண்டுகள்.

நான் வாழும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் மலைச்சரிவில் மொன்றியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெல்கிரேடில் பிறந்து, எம்மிற் பலரைப் போலவே வேற்று மண்ணிலிருந்து வந்து, 1992 முதல் இந்நகரில் வாழும் அனா சொகொலோவிச் அங்கு இசையாக்கம் கற்பிக்கிறார். மேற்கத்திய மரபில் இயற்றியவர் எழுதிவைத்த சுரம் அவர் பெயரோடே செல்கிறது, வாசிப்பவர் அதற்குக் கட்டுப்பட்டவர். எமது மரபில் பாடுபவருக்குச் சுதந்திரம் அதிகம். அது எமது செல்வம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் சந்துபொந்துகளிலேயே பெண்களின் பெயர்கள் தொலைந்தன. மேற்கிலும் பெண்ணாக்கங்கள் மேடையேறுவது குறைவே என்பது வேறு கதை.

பண்டிதர் இலக்கணத்துக்கே முழுதும் பொருந்துபவரும் இருந்தார். முசிறியிடமும் செம்மங்குடியிடமும் பயின்ற சுகுணா புருஷோத்தமன் (1941-2015) சொல்லையும் மெட்டையும் தாமே ஆக்கினார். இரு கைகளில் இரு தாளம் போட்டுப் பல்லவி பாடும் வல்லமை அவருக்கிருந்தது. எமது ஆசிரியைகள் அடுத்த அரங்கேற்றத்துக்கு அவருடைய கீர்த்தனை ஒன்றை எடுக்கட்டும். அம்புஜத்தின் பாட்டென்றால் நிரலில் இரண்டு பெயர்களை அச்சிடட்டும்: இயற்றியவர், மெட்டமைத்தவர்.