பழைய சர்வர்களில் இயங்குதளம்: வன்பொருள் ஆதரவும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தேவைகளும்

உற்பத்தியாளரின் ஆதரவுக் காலம் முடிந்த சர்வரில், இன்றும் பாதுகாப்புத் திருத்தங்கள் பெற்றுவரும் ஓர் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. 2007 முதல் 2014 வரை வெளிவந்த இன்டெல் ஸியான் செயலி சர்வர்களே இங்கு முதன்மையாகக் கருதப்படுகின்றன. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் ஆகிய நகரங்களின் சிறு அலுவலகங்களும் சங்கங்களும் கல்வி நிலையங்களும் குறைந்த செலவில் வாங்கக்கூடியவை இவை. இத்தகைய இயந்திரம் பயன்படுமா என்பதைப் பெரும்பாலும் செயலியின் வேகம் தீர்மானிப்பதில்லை. வட்டுக் கட்டுப்பாட்டு அட்டைக்கும் வலையமைப்பு அட்டைக்கும் இயக்கிகள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதே முதற்கேள்வி.

பின்னணி

மலேசியாவின் முதல் கணினி 1966இல் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. 1985இல் மிமோஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1990களில் அதன் ஜாரிங் வலையமைப்பு வழியாக நாட்டுக்கு இணையம் பரவியது. 1996இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டமும் அதையொட்டி எழுந்த சைபர்ஜெயா நகரமும் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தரவு மையங்களின் இடமாக்கின. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மாற்றும்போது, நல்ல நிலையிலுள்ள இயந்திரங்கள் இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. அரசுத் துறைகளுக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மலேசியா 2004இல் வெளியிட்டது. உரிமக் கட்டணமில்லாத லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் இங்குப் பரவலாக அறியப்பட அதுவும் ஒரு காரணம்.

செயலித் தலைமுறைகள்

64 பிட் எக்ஸ்86 செயலிகள் இன்று நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. பழைய சர்வர்களுக்கு முதல் மூன்றும் தொடர்புடையவை.

- முதல் நிலை: ஸியான் 5400 வரிசை (2007). டெல் பவர்எட்ஜ் 2950 இவ்வகை. எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இதில் இல்லை.
- இரண்டாம் நிலை: ஸியான் 5500, 5600 வரிசைகளும், இ5-2600 வரிசையின் முதல் இரு தலைமுறைகளும். பவர்எட்ஜ் ஆர்710, ஆர்720, ஹெச்பி புரோலயன்ட் டிஎல்380 ஜி7 ஆகியவை இதில் அடங்கும்.
- மூன்றாம் நிலை: ஸியான் இ5-2600 வி3 (2014) முதல். பவர்எட்ஜ் ஆர்730 இவ்வகை. ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இதன் அடையாளம்.

ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 (2022) இரண்டாம் நிலையையும், அதன் 10ஆம் பதிப்பு (2025) மூன்றாம் நிலையையும் கட்டாயமாக்கின. விண்டோஸ் சர்வர் 2025, எஸ்எஸ்இ 4.2 இல்லாத செயலியில் இயங்காது. டெபியன் 13 (2025) இன்னும் முதல் நிலையையே அடித்தளமாக வைத்திருப்பதால், பவர்எட்ஜ் 2950இலும் அதை நிறுவலாம். 32 பிட் மட்டுமே அறிந்த செயலிகளுக்கு டெபியன் 13 நிறுவியை வழங்குவதில்லை. இட்டானியம் செயலி சர்வர்களுக்கான ஆதரவு 2024 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 6.7 கருவிலிருந்து நீக்கப்பட்டது.

வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை

பழைய சர்வர்களில் நிறுவல் தோல்வியடைய மிகப் பொதுவான காரணம் இதுவே. நிறுவி ஓடத் தொடங்கும், நினைவகமும் செயலியும் சரியாகத் தெரியும், ஆனால் வட்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. வட்டுகள் பழுதாகிவிட்டதாகப் பலர் கருதிவிடுகிறார்கள். உண்மையில் ரெய்டு அட்டை எனப்படும் இந்தக் கட்டுப்பாட்டு அட்டைக்கான இயக்கி அந்தப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கும்.

2019இல் வெளிவந்த ரெட் ஹாட் 8ஆம் பதிப்பு இதற்குத் தெளிவான சான்று. டெல் பெர்க் 6/ஐ, ஹெச்700, ஹெச்200 போன்ற அட்டைகளின் அடையாள எண்கள் அதன் இயக்கிகளிலிருந்து எடுக்கப்பட்டன. செயலி தகுதியாக இருந்தும் ஆர்710 போன்ற சர்வர்கள் இதனால் வெளியே நின்றன. இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, எல்ரெப்போ திட்டம் வழங்கும் இயக்கிப் புதுப்பிப்பு வட்டை நிறுவலின்போது ஏற்றுவது. இரண்டாவது, ரெட் ஹாட் உடன் ஒத்தியங்கும் அல்மாலினக்ஸைப் பயன்படுத்துவது. அதன் 9.4ஆம் பதிப்பு (2024) பல பழைய சாதனங்களுக்கான ஆதரவை மீட்டுக் கொண்டுவந்தது. மூன்றாவது, இந்த இயக்கிகளைக் கைவிடாத டெபியன் அல்லது ஃப்ரீபிஎஸ்டி பக்கம் செல்வது.

விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 (2020) பழைய லினக்ஸ் வழி இயக்கிகளை முழுவதுமாகக் கைவிட்டதால், முந்தைய பதிப்பில் நன்றாக ஓடிய பல அட்டைகள் அதில் தெரிவதில்லை. இத்தகைய சர்வரில் மெய்நிகர் கணினிகளை ஓட்ட விரும்புவோர் டெபியனை அடிப்படையாகக் கொண்ட புராக்ஸ்மாக்ஸை நாடலாம்.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு ரெய்டு அட்டை இடையில் நிற்காமல் வட்டுகள் நேரடியாகத் தெரிய வேண்டும். ஹெச்பியின் ஸ்மார்ட் அர்ரே பி410 அட்டையில் அதற்கு வழியில்லை. பெர்க் ஹெச்200 அட்டையில் எல்எஸ்ஐ 9211-8ஐ அட்டையின் நிலைபொருளை ஏற்றி நேரடி முறைக்கு மாற்றலாம். ஆனால் ஆர்710இன் உள்ளகச் சேமிப்புப் பொருத்துவாய் அவ்வாறு மாற்றிய அட்டையை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். அட்டையை வேறு பொருத்துவாய்க்கு மாற்ற வேண்டும்.

தொடக்க நிரலும் பெரிய வட்டுகளும்

டிஎல்380 ஜி7 பழைய பயாஸ் முறையில் மட்டுமே தொடங்கும். ஆர்710இல் யுஇஎஃப்ஐ முறையும் உண்டு. பழைய எம்பிஆர் பிரிப்பு முறை 2 டிபிக்கு மேல் எண்ணாது. பயாஸ் முறையிலும் ஜிபிடி பிரிப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு வட்டின் தொடக்கத்தில் 1 எம்பி அளவுள்ள தனிப் பகுதியை கிரப் தொடக்க நிரலுக்கு ஒதுக்க வேண்டும். பெர்க் 6/ஐ அட்டையோ 2 டிபிக்கு மேற்பட்ட வட்டுகளை முழுமையாகப் பயன்படுத்த விடாது. இந்த வரம்பு அட்டையிலேயே இருப்பதால் இயங்குதளத்தை மாற்றிப் பயனில்லை.

நிலைபொருள் புதுப்பிப்பில் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபாடு உண்டு. டெல் அவற்றைக் கட்டணமின்றித் தருகிறது. ஹெச்பி 2014 முதல் புரோலயன்ட் பயாஸ் புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதமோ ஆதரவு ஒப்பந்தமோ கேட்கத் தொடங்கியது. ஹெச்பி சர்வர் வாங்குவோர் அதில் கடைசிப் பதிப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளதா என்று விற்பவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

வலையமைப்பும் தொலை மேலாண்மையும்

ஆர்710 உள்ளிட்ட பல சர்வர்களில் பிராட்காம் 5709 வலையமைப்புச் சில்லு உள்ளது. லினக்ஸில் இதற்குத் தனி நிலைபொருள் கோப்பு தேவை. டெபியனின் பழைய நிறுவிகளில் அக்கோப்பு இல்லாததால், நிறுவலின் நடுவே யுஎஸ்பி வழியாகத் தர வேண்டியிருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, 12ஆம் பதிப்பு (2023) முதல் இக்கோப்புகள் நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. இன்டெல் சில்லுகளில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

ஐடிராக் 6 போன்ற பழைய தொலை மேலாண்மைப் பலகைகள் காலாவதியான டிஎல்எஸ் முறையைப் பயன்படுத்துவதால் இன்றைய உலாவிகள் அவற்றைத் திறக்க மறுக்கலாம். இப்பலகைகள் பயன்படுத்தும் ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையிலேயே கடவுச்சொல்லின் குறிமாற்று மதிப்பை வெளிவிடும் குறை உள்ளது. எனவே இப்பலகையை ஒருபோதும் நேரடியாக இணையத்தில் இணைக்கக் கூடாது.

பாதுகாப்பு

2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகளில் ஸ்பெக்டருக்கு இன்டெல் 5500, 5600 வரிசைகள் வரை செயலி நுண்ணிரல் திருத்தங்கள் வழங்கியது. 5400 வரிசைக்கான பணியை நிறுத்திவிட்டது. பலருடைய மெய்நிகர் கணினிகளை ஒன்றாக வைத்து நடத்தும் வேலைக்கு 5400 வரிசை ஏற்றதல்ல.

சென்டாஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30இலும், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2இன் நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10இலும் முடிந்தன. பழைய சர்வரில் பழைய இயங்குதளமே போதும் என்று விட்டுவிடுவது ஆபத்தானது. வன்பொருள் பழையதாக இருக்கலாம், இயங்குதளம் பழையதாக இருக்கக் கூடாது.

தமிழ்த் தரவுகளை மாற்றுதல்

மலேசியத் தமிழ்ச் சூழலில் பழைய சர்வர்களிலுள்ள தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980களிலிருந்தே கணினியில் தமிழ் எழுத வழி செய்தது. தமிழ் இணைய மாநாடு 2001இல் இந்நகரில் நடந்தது. அக்காலக் கோப்புகள் பல யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியீடுகளில் உள்ளன. பழைய சர்வரை அகற்றுமுன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மூலக் கோப்புகளையும் அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். எழுத்துரு தொலைந்தால் மூலக் கோப்பின் மாற்றம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமாகிவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மூன்று பைட் யுடிஎஃப்-8 அமைப்பு வழக்கமான தமிழ் எழுத்துகளுக்குப் போதும். 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் நான்கு பைட் அமைப்பு வேண்டும்.

மின்சாரமும் தட்பவெப்பமும்

150 வாட் இழுக்கும் சர்வர் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் 1,314 யூனிட் மின்சாரம் செலவாகும். 20 வாட் சிறுகணினிக்கு 175 யூனிட் போதும். சில கோப்புகளைப் பகிர மட்டும் சர்வர் தேவைப்படுவோர், வாங்கும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். குளிரூட்டும் செலவும் இதனுடன் சேரும். பவர்எட்ஜ் 2950இன் எஃப்பி-டிம் நினைவகம் குறிப்பாக அதிகச் சூடாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னல் அடிக்கடி நிகழ்வதால், மின்னிணைப்புக்கு மட்டுமன்றி வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பி இணைப்புக்கும் மின்னெழுச்சித் தடுப்பு அவசியம். தாய்ப்பலகையின் சிஆர்2032 மின்கலத்தையும் ரெய்டு அட்டையின் மின்கலத்தையும் தொடக்கத்திலேயே மாற்றிவிடலாம். ரெய்டு மின்கலம் செத்திருந்தால் அட்டை எழுதும் இடைநினைவகத்தை நிறுத்திவிடும். சர்வர் காரணமின்றி மெதுவாக ஓடுவதுபோலத் தோன்றும்.

அகற்றுதல்

2005ஆம் ஆண்டின் மலேசியச் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்னும் குறியீட்டின்கீழ் வருகிறது. அதைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையங்களில்தான் ஒப்படைக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நோக்கில் தரவைக் கையாளுவோருக்கு அதைப் பாதுகாக்கும் கடமையை விதிப்பதால், வட்டுகளை முழுமையாக அழித்தபின்பே இயந்திரத்தைக் கைமாற்ற வேண்டும்.

மதிப்பீடு

வாங்குமுன் ஒரு டெபியன் யுஎஸ்பி கருவியால் சர்வரைத் தொடங்கி, எல்எஸ்பிசிஐ கட்டளையின் வழியே ரெய்டு அட்டை, வலையமைப்பு அட்டை ஆகியவற்றின் அடையாள எண்களைக் குறித்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிடுவதே நம்பகமான சோதனை. இன்றைய நிலையில் பயிற்சிக்கும் காப்புப்படிக்கும் உள் அலுவலகப் பயன்பாட்டுக்கும் இரண்டாம் நிலைச் செயலி கொண்ட சர்வர், டெபியன் அல்லது அல்மாலினக்ஸுடன் போதுமானது. முதல் நிலைச் செயலி சர்வர்களைக் கற்றல் கூடங்களுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் பெறும் இயங்குதளம் எதுவும் ஏற்காத இயந்திரத்தை இணையத்திலிருந்து விலக்கி, உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பிவிடுவதே முறை.