அவிழ்க்க முடியாத மரம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், கிழக்கு வெளுக்குமுன், நண்பர்கள் இருவரும் நானும் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக் கரையிலிருந்து, ஒருவர் மட்டும் அமர்ந்து துடுப்புப் போடும் கயாக் என்னும் சிறு படகுகளில், தூண்டில்களோடு கடலுக்குள் சென்றோம். கரையோரத்து அலை எங்கள் மடிமேல் ஏறி இறங்கியும், படகில் இட்டிருந்த துவாரங்களின் வழியே நீர் தானாகவே வடிந்துவிட்டதைக் கண்டு, என் நண்பர் மேல்நாட்டாரின் யுக்தியை வெகுவாகச் சிலாகித்தார். வெயில் ஏறியபின் இரண்டே பாரை மீன்களோடு நாங்கள் கரையேறியபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எழுந்து வந்து, படகை ஒருமுறை சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் மரந்தானே, சார், அவிழ்க்க முடியாத மரம்" என்றார்.

நாம் கட்டுமரம் என்று நீட்டிச் சொல்வதைக் கடற்கரைக் குப்பங்களில் 'மரம்' என்றே சொல்வார்கள். லேசான மரத்துண்டுகளை நீளவாக்கில் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்கத்து மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்குமாறு அடுக்கி, ஓர் ஆணியும் இன்றிக் கயிற்றினால் மட்டும் பிணித்த இந்தக் கலத்தை, முழுப்படகு செய்யத் தெரியாதவன் பாதியில் விட்ட வேலை என்று கருதியவர் பலர். என் அபிப்பிராயத்தில் இதைவிடப் பெரிய பிழை வேறில்லை. படகு மிதப்பது உள்ளே நீர் புகாதிருக்கும் வரையில்தான். மரத்துக்கோ உள்ளென்பதே கிடையாது. ஏறிய அலை இடுக்குகளின் வழியே இறங்கிப் போய்விடும்; கவிழ்ந்தாலும் மூழ்காது; புரட்டிப் போட்டு மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். அதற்கு உள்ள ஒரே வியாதி, மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப் போவது. அதற்கும் பரிகாரம் கட்டிலேயே இருந்தது: தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைத்து, மறுநாள் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். கிழவர் எங்கள் பிளாஸ்டிக் படகில் கண்ட குறை இதுதான்.

கிரீன்லாந்து முதலிய வடதுருவத்து நாடுகளில் இனுயிட் மக்கள் செய்த அசல் கயாக், சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, ஏறியவனுடைய இடுப்பைச் சுற்றிலும் மூடி, ஒரு துளி நீரும் புகாதபடி அமைத்தது. அந்தக் குளிரில் நனைந்தால் உயிர் தங்காது. மேலே ஏறி உட்கார்ந்து நனைந்துகொண்டே செல்லும் இக்காலத்துக் கயாக்கோ, 1970களில் கலிபோர்னியாக் கடற்கரையில் தோன்றிப் பரவியது. ஆகவே பெயர் துருவத்திலிருந்து வந்ததாயினும், தத்துவம் நம் மணலில் கிடந்த மரத்தின் தத்துவமே. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இளஞ்சூடான கடலும் உடையும் அலையும் உள்ள இடத்தில் மனித புத்தி ஒரே வழியில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

1697இல் வெளியான தம் பிரயாண நூலில், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் கண்ட இம்மரங்களை, ஏறியவனுடைய கால்கள் எப்போதும் நீரில் நனைந்தபடியே இருப்பதைச் சொல்லி வர்ணிக்கிறார். சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், வரிசை வரிசையாக உடையும் அலைகளைத் தாண்டி வரவேண்டியிருந்தது. மசூலாவும் இறங்க அஞ்சும் நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர் மரக்காரரே. அலை அடித்துத் தள்ளினால் நீந்தி வந்து மரத்தைப் பிடித்து ஏறுவார்; கடிதமோ தலையில் வைத்த கூம்புக் குல்லாவுக்குள் நனையாமல் இருக்கும். துரைமார் ஏறிய படகு கவிழ்ந்தால் தூக்கிவிடுவதற்கென்றே மரங்கள் கூட வந்ததும், உயிர் காத்தவர்களுக்குக் கும்பினியார் பதக்கம் அளித்ததும் உண்டு. பின்னர்ப் பெருஞ்செலவில் எழுப்பிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள், மசூலாப் படகுகளுக்கு அலுவல் குறைந்தது.

மரத்தின் பெயர் மட்டும் வெளியூர் போய் வேறு உடம்பில் புகுந்துகொண்டது. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் விட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்குக்கூட 'கட்டமரான்' என்றே பெயரிட்டனர். இன்று அப்பெயரைத் தாங்கும் இரட்டை உடல் கப்பலோ பசிபிக் தீவினரின் படகு மரபைச் சேர்ந்தது; நம் மரத்துக்கு உறவே அன்று.

நம் குப்பங்களில் மரத்தை அழித்தது புயலன்று. விசைப்படகும் வெளிப்புற எஞ்சினும் ஒவ்வொன்றாக வர, விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், கடற்காற்றில் திரும்பும் பழைய கணக்கு தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அவை வேகமானவை, கோலா மீனைத் தேடிப் பாய்மரத்தில் நெடுந்தூரம் போன தலைமுறையின் பேரர்கள் அவற்றை விரும்பியதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை.

ஆயினும் கடற்கரைப் பக்கம் போகும் வாசகர்கள், மரம் ஓட்டிய கிழவர் எவரையேனும் கண்டால், அந்தக் கட்டு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கோவளத்துக் கிழவரிடம் நான் கேட்டேன். வாயால் சொல்ல வரவில்லை அவருக்கு. பேரனைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து கயிற்றை எடுத்து வரச் சொன்னார்.