அசைவூட்டத் திரைப்படமும் கையுழைப்பின் வரலாறும்

கலை வரலாற்றைத் தொழினுட்பக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மட்டும் நோக்கும் போக்கு இன்றும் பரவலாகவுள்ளது. அசைவூட்டத் திரைப்படத் துறையில் கையின் இடத்தைக் கணினி பெற்றமையும் இவ்வாறே தவிர்க்கவியலாத முன்னேற்றமாக விளக்கப்படுகின்றது. ஆயின், உற்பத்தி உறவுகளின் அடிப்படையில் நோக்குமிடத்து வேறொரு வரலாறு புலப்படும்.

1937இல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் 'ஸ்னோ வைற்' கையுழைப்பால் உருவானது. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுதல் வேண்டும். வரைஞர் தாளில் வரைந்த உருவங்களைச் செலுலோயிட் தாள்களில் மையினாற் பிரதிசெய்து, மறுபுறத்தில் வர்ணந்தீட்டியோர் பெரும்பாலும் இளம் பெண்களே. வரைஞராகும் வாய்ப்பு அவர்களுக்குப் பொதுவாக மறுக்கப்பட்டது; அவர்தம் பெயர்கள் திரையில் இடம்பெறவுமில்லை. 1941இல் அந்நிறுவனத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின்னணியில் ஊதியம், தொழிற்சங்க உரிமை என்பவற்றோடு திரையிற் பெயர் பெறும் உரிமையும் இருந்தமை நோக்கற்பாலது.

1959இல் வெளியான 'ஸ்லீப்பிங் பியூட்டி' பெருஞ்செலவிலானது. முதல் வெளியீட்டில் அச்செலவு மீளவில்லை. 1961இல் '101 டல்மேஷன்ஸ்' படத்திற்கு, வரைஞரின் கோடுகளை நேரே செலுலோயிட்டிற் பதிக்கும் சிறொக்ஸ் முறை கையாளப்பட்டது. மையிட்டோர் பலர் வேலையிழந்தனர். 1990இல் 'த ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் வர்ணந்தீட்டலும் கணினிவசமாயிற்று. எனவே, கையை அகற்றும் முயற்சி கணினிக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. அதற்கு முதற் பலியானோர் பெயரற்ற பெண் தொழிலாளரே.

இது முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டுமுரிய சிக்கலன்று. கண்ணாடித் தளங்களில் வெட்டுருவங்களைச் சிறிது சிறிதாக அசைத்து 1979இல் 'கதைகளின் கதை'யை ஆக்கிய யூரி நோர்ஸ்டெய்ன், அடுத்து மேற்கொண்ட 'மேலங்கி'யின் மெதுவான வேகம் காரணமாக 1980களின் நடுப்பகுதியிற் சோவியத் அரசுக் கலையகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இலாபக் கணக்கைப் போன்று திட்டக் காலக்கெடுவும் கைக்குரிய காலத்தை ஏற்கவில்லை.

2017இல் வெளிவந்த 'லவிங் வின்சென்ற்' படத்திற்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ஏறத்தாழ 65,000 சட்டகங்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினர். அவை டிஜிற்றல் கமராவினாற் பதிவுசெய்யப்பட்டன. கையும் கணினியும் இயல்பாகவே பகைமையுடையன அல்ல என்பதற்கு இது சான்று. கருவி யார் வசமுள்ளது, உழைப்பின் காலத்தை யார் நிர்ணயிக்கின்றனர், உழைத்தவர் பெயர் எங்கே பொறிக்கப்படுகின்றது என்பனவே அடிப்படை வினாக்கள். கைவினையின் அழகை மட்டும் வியந்து இவ்வினாக்களைத் தவிர்க்கும் இரசனை, உழைப்பை மீண்டுமொருமுறை மறைப்பதாகவே முடியும்.