மறுசான்றளிப்பும் மருத்துவர் திறனும்: 1989, 1991 அணிகளின் ஒப்பீட்டுக்கு ஒரு மறுவாசிப்பு

மருத்துவர்களின் உரிமத்தைக் காலமுறைப்படி புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதனால் சிகிச்சை மேம்பட்டதற்குச் சான்றில்லை என்ற மறுப்பும் எழுகிறது. 2014 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஒப்பீடே அந்த மறுப்புக்குப் பெரிதும் துணைநிற்கிறது. அந்த ஒப்பீட்டுக்கு இவ்வளவு பாரத்தைத் தாங்கும் வலு இல்லை என்பது என் துணிபு.

அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990க்கு முன்பு வரை வாழ்நாள் சான்றிதழ் அளித்தது. 1990 முதல் அளித்தவை பத்தாண்டுக்கே செல்லுபடியாயின. 1989இல் சான்று பெற்ற 974 பேருக்கு மறுதேர்வு இல்லை. 1991இல் பெற்ற 956 பேருக்கு 2001இல் அது கட்டாயமானது. இரு அணியினரிடமும் சிகிச்சை பெற்ற, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பயனாளிகளிடையே, வெளிநோயாளியாகவே நன்கு கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகள் எண்ணப்பட்டன. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 37.9 ஆக இருந்தது கட்டாய அணியில் 61.8 ஆனது, விலக்கு அணியில் 37.0 என்பது 61.4 ஆனது. எனவே பயனில்லை என்று மறுப்பாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இங்கே ஒப்பிடப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். முதல் சான்று பெற்றுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆனவர்கள்; பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதினராகவே இருந்திருப்பார்கள். அறிவுத் தேய்வு தலைகாட்டுவது அதற்கு வெகுகாலம் கழித்து. உள்நோயாளிகளைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவர்களைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வில், நாற்பதுக்குட்பட்டோரின் நோயாளிகளில் 30 நாள் இறப்பு 10.8 விழுக்காடு, அறுபது வயதானோரிடமும் அதைக் கடந்தோரிடமும் 12.1. நோயாளிகளை மிகுதியாகப் பார்ப்போரிடம் மட்டும் இந்த வேறுபாடு தென்படவில்லை. தேய்வு தொடங்காதவர்களிடம் மறுதேர்வின் பயனைத் தேடுவது, ஏரி நிரம்பி வழியும் ஆண்டில் தூர்வாரியதன் பலனை அளப்பதற்கு ஒப்பாகும்.

அளவுகோலும் ஐயத்துக்குரியது. இதயச் செயலிழப்புள்ள எண்பது வயது மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று கொள்வோம். நீர்மாத்திரையை இடையில் நிறுத்தினாரா, உணவில் உப்பு குறைந்ததா, கால் வீங்கத் தொடங்கியபோதே அழைத்துவர வீட்டில் ஆள் இருந்ததா? மருத்துவரின் அறிவு இவற்றோடு கலந்துதான் அந்த எண்ணுக்குள் போகிறது. அதே நோயாளிகளுக்கு ஆண்டுக்காண்டு வயதேறியது இரு அணிகளின் எண்ணையும் உயர்த்திவிட்டது.

கட்டாய அணியில் செலவின் உயர்வு, சராசரிச் செலவில் 2.5 விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்ததைக் கொண்டாடும் ஆதரவாளர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வீண் பரிசோதனைகள் குறைந்தனவா, வேண்டியவையும் குறைந்தனவா என்பதை அந்த எண் சொல்லாது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நான்கில் 105 மருத்துவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வும் இரு வகைச் சான்று பெற்றோரிடையே வேறுபாடு காணவில்லை. வாழ்நாள் சான்று பெற்றோர் அங்கே மூத்தவர்கள் என்பதால், இது என் வாதத்துக்கு இடையூறுதான். ஆனால் செய்ய வேண்டிய பரிசோதனையைக் கணினியே நினைவூட்டும் அமைப்பு அது. அங்கே மருத்துவரின் நினைவாற்றலுக்குச் சோதனை குறைவு. மறுதேர்வின் கட்டணச் சுமை பற்றி மருத்துவர்கள் எழுப்பும் முறையீடு நியாயமானதே. பயன் உண்டா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

பயனில்லை என்ற இந்த முடிவை இந்தியாவில் மேற்கோள் காட்டுவது இன்னும் பொருந்தாது. 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் கேட்பது ஐந்தாண்டுக்கு 30 மணிநேரத் தொடர்கல்வி, தேர்வு அன்று. அதை உரிமப் புதுப்பித்தலோடு பிணைத்த 2023 ஆகஸ்ட் விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. நான் சென்ற ஒரு தொடர்கல்வி அரங்கில் காலை வருகைப்பதிவேட்டில் நிரம்பியிருந்த கையெழுத்துகளுக்கும், பிற்பகல் உரையின்போது நிரம்பியிருந்த இருக்கைகளுக்கும் பொருத்தமே இல்லை. அந்தப் பதிவேட்டை ஒரு மருத்துவர் கற்றதற்குச் சான்றாக ஏற்க என்னால் முடியவில்லை. அறுபது கடந்து, நாளுக்குச் சில நோயாளிகளையே பார்க்கும் மருத்துவர்களின் மருந்துச்சீட்டுகளை மறுதேர்வுக்கு முன்னும் பின்னும் அருகருகே வைத்துப் படிப்பதே, 1989, 1991 அணிகளின் ஒப்பீடு தொடாமல் விட்ட வேலை.