பல்வேரை அடைத்த வரலாறு

பல்லைப் புழு அரித்தலாலேயே வலி பிறக்கின்றது என்று பண்டைப் பபிலோனியர் நம்பினர். அந்நம்பிக்கை பன்னூற்றாண்டு நிலைத்தது. 1728இல் பல்வைத்தியம் பற்றிப் பெருநூல் இயற்றிய பிரான்சிய அறிஞர் பியர் போசார், உருப்பெருக்கி கொண்டு ஆராய்ந்தும் தாம் புழுவைக் கண்டிலர் என உரைத்தார். புழு இல்லை, ஆனால் அதனினும் நுண்ணிய உயிர்கள் இருந்தன. அவற்றை ஒல்லாந்தரான லீவன்ஹூக் 1683இலேயே பல்லழுக்கிற் கண்டு, இலண்டன் உரோயற் கழகத்துக்கு எழுதியிருந்தார். அவற்றுக்கும் பல்நோய்க்கும் உள்ள தொடர்பு துலங்க மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன. பேர்லின் நகரில் ஆராய்ந்த அமெரிக்கரான மில்லர், 1894இல் நோயுற்ற பற்கூழினுள்ளும் பற்றீரியாக்கள் உறைதலை எடுத்துக்காட்டினார்.

காரணம் தெளிவுறுமுன்னரே கைத்தொழில் வளர்ந்துவிட்டது. மேனாட் என்பார் 1838இல் கடிகார வில்லை அராவி வேர்க்கால்வாயைத் துப்புரவாக்கும் கருவி செய்தார். உமிழ்நீர் புகாது பல்லைத் தனிப்படுத்தும் இறப்பர்த் தகட்டைப் பார்னம் 1864இல் பயன்படுத்தினார். மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து பெறும் கட்டாபெர்ச்சாவால் வேர்க்கால்வாயை நிரப்பும் முறையைப் பௌமன் 1867இல் கையாண்டார். இன்றும் அப்பொருளே பெரிதும் வழங்குகின்றது.

இவ்வளர்ச்சிக்கு இடையே ஒரு பெருந்தடை நேர்ந்தது. 1910இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திற் பேசிய பிரித்தானிய வைத்தியர் வில்லியம் ஹன்டர், செப்பனிட்ட பற்களின் கீழ் உறையும் கிருமிகளே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்றார். துப்புரவற்ற வேலையை அவர் கண்டித்தது நியாயமே. ஆனால், தக்க சான்றின்றி அக்கொள்கை பரவியதால், காப்பாற்றத்தக்க பற்களும் பல்லாண்டுகளாக எண்ணிறந்தனவாகப் பிடுங்கப்பட்டன. கள்வன் புகும் வாயிலை அடையாது வீட்டையே இடித்தாற் போன்றது இச்செயல்.

1965இல் ககேஹாஷி முதலிய மூவர் செய்த சோதனை உண்மையை நிலைநாட்டியது. பற்கூழ் திறந்துவிடப்பட்ட எலிகளுள், கிருமியற்ற சூழலில் வளர்ந்தவற்றின் பற்கள் ஆறின. ஏனையவற்றின் பற்கூழ் அழிந்தது. ஆகவே, கிருமியை அகற்றுதலும் மீண்டும் புகாது தடுத்தலுமே வைத்தியத்தின் உயிர்நிலை என்பது உறுதியாயிற்று.

அக்காலத்து அறிஞரின் கருத்து வேர்நுனியிலேயே பெரிதும் நின்றது. மேல்வாயில் பின்னரே உணரப்பட்டது. 1990இல் தொறாபினெஜாட் குழுவினர், கட்டாபெர்ச்சாவும் ஒட்டுபசையும் கொண்டு நிரப்பிய வேர்களின் மேற்பகுதியைக் கிருமிகளுக்குத் திறந்து வைத்தனர். ஒருவகைப் பற்றீரியா 19 நாளில் அரைவாசிக்கு மேற்பட்ட கால்வாய்களை முற்றும் ஊடுருவியது. 1995இல் றே, துறோப் என்னும் இருவர் 1,010 பற்களின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, வேர்நிரப்பலினும் மேல்மூடியின் செம்மையே மிகுதியும் பயன் தந்தது என்றனர். 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், இரண்டும் ஒருங்கே செம்மையாதல் வேண்டும் என முடிவு கண்டனர்.

இவ்வரலாறு புகட்டும் பாடம் இரண்டு. வேரை நிரப்பியதும் வலி நீங்கியது என்றெண்ணி, தற்காலிக மூடியுடன் திங்கள் பல கழிப்போர், செய்த வைத்தியத்தைத் தாமே அழிப்போராவர். மற்றையது மாணவர்க்குரியது: ஓர் உண்மையின் பாதியைக் கண்டு முழுமையென விரைந்து முடிவு செய்தல், அறியாமையினும் மிகுந்த கேடு விளைக்கக்கூடும்.