பொமரேனியன்: ஒரு நாயினத்தின் உருவம் சிறுத்த வரலாறு

பொமரேனியன் என்பது ஸ்பிட்ஸ் வகை நாய்களுள் மிகச் சிறியது. அடர்ந்த முடி, நிமிர்ந்த கூர்ங்காது, முதுகின்மேல் படிந்து கிடக்கும் வால் ஆகியவை இதன் அடையாளங்கள். இன்றைய பொமரேனியன் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ எடை கொண்டது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் அழைக்கப்பட்ட நாய்கள் 10 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. இந்த மாற்றம் இயற்கையாக நிகழ்ந்தது அன்று. எந்த நாயைக் காட்சியில் பரிசுக்குரியதாகக் கருதினர், எந்தக் குட்டியை விரும்பி வாங்கினர், எவற்றை இணை சேர்த்தனர் என்ற மனிதத் தேர்வுகளே இதைச் செய்தன.

பெயரும் பூர்வீகமும்

பால்டிக் கடலின் தென்கரையிலுள்ள பகுதி பொமரேனியா. இது இன்று போலந்து, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. நாயின் பெயர் இப்பகுதியிலிருந்து வந்தது. வடபுலக் குளிர்நாடுகளில் வண்டி இழுக்கவும் காவலுக்கும் பயன்பட்ட ஸ்பிட்ஸ் நாய்களே இதன் முன்னோர். இன்று மடியில் உறங்கும் நாய்க்கு இரட்டை அடுக்கு முடி இருப்பது அந்தக் குளிர்நாட்டு வாழ்வின் எச்சம்.

அரண்மனையில் நுழைதல்

1761இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை மணந்த சார்லட், ஜெர்மனியின் மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் வழியாகவே இந்நாய்கள் இங்கிலாந்து அரண்மனையில் இடம்பெற்றன. அக்காலத்து உருவ அளவை அறிய ஓவியங்கள் உதவுகின்றன. தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1777ஆம் ஆண்டளவில் ஒரு பொமரேனியன் தாயையும் குட்டியையும் வரைந்தார். இசைக்கலைஞர் கார்ல் ஃபிரெட்ரிக் ஆபெல் வளர்த்த நாய்கள் அவை. அந்தத் தாய் நாய் நீண்ட முகமும் உறுதியான கால்களும் உடையது. இன்றைய பொமரேனியனை மட்டும் கண்டு பழகியவர் அதை வேறொரு இனம் என்றே எண்ணுவார்.

விக்டோரியாவும் மார்க்கோவும்

சார்லட்டின் பேத்தி விக்டோரியா ராணி 1888இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குச் சென்றபோது பொமரேனியன் நாய்களை விரும்பி வாங்கினார். அவற்றுள் மார்க்கோ என்ற நாய் புகழ்பெற்றது. அதன் எடை 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ. அன்றைய இங்கிலாந்தில் இது சிறிய நாய். ராணி தம் நாய்களை 1891இல் லண்டனில் நடந்த முதல் கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியிலும் இடம்பெறச் செய்தார். ராணியிடம் இருப்பதைப் போன்ற நாய் தம் வீட்டிலும் வேண்டும் என்று பலரும் விரும்பினர். இங்கிலாந்தின் பொமரேனியன் சங்கமும் அதே 1891இல்தான் தோன்றியது. 1901இல் ராணி இறக்கும் தறுவாயில் டூரி என்ற பொமரேனியன் அவருடைய கட்டிலில் இருந்தது.

எடையே தகுதியாதல்

1873இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் நிறுவப்பட்ட பின், நாயினங்களுக்குப் பதிவேடும் எழுதப்பட்ட இலக்கணமும் வந்தன. காட்சிகளில் பெரிய பொமரேனியனும் சிறிய பொமரேனியனும் எடை வரம்பு வைத்துத் தனித்தனியே போட்டியிட்ட காலம் ஒன்று உண்டு. நாளடைவில் சிறியதே நிலைத்தது. அமெரிக்க கென்னல் கிளப்பின் இன்றைய வரையறை 3 முதல் 7 பவுண்டு. பிரிட்டிஷ் வரையறையில் ஆண் 1.8 முதல் 2 கிலோ. பெண் 2 முதல் 2.5 கிலோ. பொதுவாக நாய்களில் ஆணே பெரியது. இங்கு பெண் சற்றுப் பெரியதாக விரும்பப்படுகிறது. குட்டி ஈன வேண்டியது அந்த உடலே என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

உருவம் சிறுத்தது எப்படி?

2007இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐஜிஎஃப்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் சிறிய நாயினங்களில் பரவலாக இருப்பதைக் காட்டியது. உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனுடன் தொடர்புடையது இம்மரபணு. 2022இல் வெளியான மற்றொரு ஆய்வு, சிறிய உருவத்துக்குரிய மாறுபாடு சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைபீரிய ஓநாயிலேயே இருந்ததைக் கண்டறிந்தது. சிறிய உருவத்துக்கான வித்தை மனிதன் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் தேர்ந்து பெருக்கினான்.

தமிழ்நாட்டுப் ‘பொமரேனியன்’

தமிழ்நாட்டில் 1980, 1990களில் ‘பொமரேனியன்’ என்றும் ‘சடைநாய்’ என்றும் வளர்க்கப்பட்ட வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கு உருவான இனம் இது. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்தித் திரைப்படத்தின் டஃபி இவ்வகையே. இதில் சிறியது 5 முதல் 7 கிலோ. பெரியது 12 கிலோவுக்கும் மேல். மார்க்கோவின் எடையை இதனுடன் ஒப்பிட்டால், விக்டோரியா காலத்துப் பொமரேனியனின் அளவுக்கு இன்றைய பொமரேனியனைவிட நம் வீட்டுச் சடைநாயே நெருக்கமானது.

சிறிய உருவத்தின் விலை

சிறிய உருவம் தன்னளவில் குறை அன்று. பொதுவாகச் சிறிய நாய்கள் பெரிய நாய்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. சிறியதை மேலும் சிறியதாக்கும் ஆசையே சிக்கலைத் தருகிறது. முழங்கால் சில்லு விலகுதல், மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்குதல், குட்டிப் பருவத்தில் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைதல், உச்சிக்குழி மூடாதிருத்தல் ஆகியவை மிகச் சிறிய நாய்களில் அதிகம். தாய்க்கு அறுவை சிகிச்சை செய்து குட்டிகளை எடுக்க வேண்டிய நிலையும் வரலாம். ‘டீகப்’ என்ற பெயரில் விற்கப்படும் மிகச் சிறிய நாய்கள் தனி இனம் அல்ல. முதன்மையான கென்னல் சங்கங்கள் எதுவும் அப்படி ஒரு வகையை ஏற்கவில்லை. அது வணிகப் பெயர் மட்டுமே.

வயது குறைந்த குட்டியை ‘சிறிய வகை’ என்று காட்டி விற்பதும் எளிது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடைசெய்கின்றன. எனவே குட்டி வாங்குவோர் அதன் வயதையும் தாயின் உடல்நிலையையும் முதலில் கேட்க வேண்டும். ஒரு ராணியின் விருப்பமும் அதைப் பின்பற்றியோரின் விருப்பமும் ஓர் இனத்தின் உடலையே மாற்றின. இன்று வாங்குவோர் கேட்கும் அளவே நாளைய குட்டிகளின் உடலையும் தீர்மானிக்கும்.